அடித்த வெயில் எங்கே போகிறது?

மே மாதத்தில் இரவு 7 மணிக்குச் சென்னையில் குளியலறைக் குழாயைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீர் சுடும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். மொட்டை மாடியில் நிற்கும் 500 லிட்டர் கறுப்பு டேங்கில் காலையில் 30 டிகிரியில் இருந்த தண்ணீர் சாயங்காலம் 37 டிகிரிக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த 7 டிகிரியை மின்சாரத்தில் ஏற்றுவதென்றால் 1 கிலோவாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். 4 யூனிட். கரண்ட் பில் வராத 4 யூனிட்.

பூமியின் பருவநிலையும் இந்த டேங்க் விஷயம்தான், அளவு மட்டும் பெரிது. வெயில் ஓரிடத்தில் ஒரு நேரத்தில் விழுகிறது. வேறிடத்தில் வேறு நேரத்தில் காற்றாக, மழையாக, புழுக்கமாக வெளியே வருகிறது. இடையில் அதை மண், கடல், நீராவி, செடி என்று யாராவது வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். யார் வாங்கினார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று பார்த்தாலே கடல் காற்று, பருவமழை, புயல் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

கணக்குப் போட ஓர் அளவுகோல் வேண்டும். சென்னையில் 1 சதுர மீட்டர் சமதளத்தில் விழும் வெயில், ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு 5 முதல் 5½ யூனிட். 5½ என்றே எடுத்துக்கொள்வோம். இதற்கு 'ஒரு நாள் வெயில்' என்று பெயர் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் இதனாலேயே அளக்கலாம்.

எவ்வளவு வருகிறது?

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி சூடு. அங்கிருந்து கிளம்பும் ஒளி 15 கோடி கிலோமீட்டர் கடந்து 8 நிமிடம் 20 நொடியில் பூமியை எட்டுகிறது. காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்த்தபடி ஒரு சதுர மீட்டர் பலகையை நிறுத்தினால் அதில் 1,361 வாட் விழும். ஆனால் பூமி உருண்டை. பாதி எப்போதும் இருட்டில் இருக்கிறது, மீதிப் பாதியிலும் பெரும்பகுதி சாய்வாகத்தான் வெயிலை வாங்குகிறது. இரவு பகல், துருவம் நடுக்கோடு எல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதில் கால்வாசி, அதாவது 340 வாட்.

இந்த 340-இல் சுமார் 100 வாட் மேகம், பனி, மணல் ஆகியவற்றில் பட்டு வந்த வழியே விண்வெளிக்குத் திரும்பிவிடும். 80 வாட்டைக் காற்று மண்டலமே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் 160 வாட் தரைக்கும் கடலுக்கும். இந்த 160-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஓர் இடத்துக்கு எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் சூரியன் நிற்கும் உயரம்தான் முடிவு செய்கிறது. டார்ச் லைட்டைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சின்ன வட்டம், சாய்த்தால் நீண்ட முட்டை. வெளிச்சம் அதே அளவுதான், பரவும் இடம் கூடிவிடுகிறது. இதை வீட்டு மாடியிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் சமதளத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். செங்குத்தா என்று கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். குச்சி ஒரு டிகிரி சாய்ந்தாலே நிழலில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பிழை வரும். 11.50-இலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். நுனி கத்தி முனை போலத் தெளிவாக இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலத் தட்டு. அதனால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கும். மங்கலின் நடுவைக் குறித்தால் போதும்.

மிகக் குட்டையான நிழல்தான் அன்றைய உச்சிப்பொழுது. டிசம்பர் 21 அன்று சென்னையில் அந்த நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் இருக்கும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில். ஜூன் 21 அன்று அளந்தால் பலருக்கு ஆச்சரியம்: நிழல் 18 சென்டிமீட்டர் தெற்கே விழும், ஏனென்றால் சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டது. திரும்பி வரும் வழியில் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு நிழலில்லா நாள்.

ஏப்ரலில் குட்டையான நிழல் 12 மணிக்கு விழாமல் 12.07-க்கு விழுவதையும் கவனிப்பீர்கள். கடிகாரம் பழுதில்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வகுத்தது. சென்னை அதற்கு மேற்கே 80¼ பாகையில் இருக்கிறது. அந்த இடைவெளியைச் சூரியன் கடக்க ஒன்பது நிமிடம் ஆகும். ஆண்டு முழுதும் பார்த்தால் இது கால் மணி நேரம்வரை முன்பின்னாகும்; ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிடம் முன்னே, அதனால்தான் ஏழு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வான் ஆய்வகத்தை வைத்துத்தான் முன்பு 'மெட்ராஸ் டைம்' கணக்கிட்டார்கள். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே. இன்றைய இந்திய நேரத்தோடு ஒப்பிட்டால் அதே ஒன்பது நிமிடம். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது.

குளிர்காலத்தில் பூமி சூரியனைவிட்டுத் தூரம் போய்விடுகிறது என்று பள்ளியில் படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு. நேர்மாறு. ஜனவரித் தொடக்கத்தில்தான் மிக அருகில் இருக்கிறோம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. மார்கழி, தைக் குளிருக்குக் காரணம் தூரமல்ல, பூமியின் 23½ டிகிரிச் சாய்வு. டிசம்பரில் சென்னை உச்சிவெயில் 53 டிகிரி உயரத்தில் நின்றுவிடுகிறது, பகலும் ஜூனைவிட ஒன்றரை மணி நேரம் குறைகிறது. டெல்லியில் அதே நாளில் சூரியன் 38 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அங்கே ஸ்வெட்டர், இங்கே ஃபேன் ஒன்றாம் நம்பரில்.

கத்திரிக்கு முன்பே உச்சி

ஏப்ரல் 24-இலேயே சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டால் கத்திரி வெயில் ஏன் மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிறது? நண்பகல் 12-க்கு அடிக்கும் வெயிலுக்கு 2 மணிக்கு ஏன் அதிகப் புழுக்கம்? இரண்டுக்கும் ஒரே பதில். ஒரு பொருளின் சூடு, வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். உச்சி தாண்டியதும் வரவு குறையத் தொடங்குகிறதே தவிர, செலவைவிடக் குறைந்துவிடவில்லை. அடுப்பைச் சிம்மில் வைத்தவுடன் குழம்பு கொதிப்பது நிற்காதது போல.

மாடித் தளம் இதில் இன்னும் மோசம். நாலைந்து அங்குலக் கான்கிரீட், அதன்மேல் செங்கல்தூள் கலந்த சுருக்கிப் பூச்சும் தட்டோடும். மேலே விழுந்த சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வெளியே காற்று ஆறிய பிறகு, இரவு 10 மணிக்கு, மேல்மாடி வீட்டில் ஃபேன் அனல் வீசுவது மதியத்து வெயில். வெள்ளை அடித்தால் பயன் உண்டு: சாதாரணத் தளம் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும்; புதிதாக அடித்த வெள்ளை முக்கால் பங்கை அனுப்பிவிடும். ஒரு வருடத் தூசியும் பாசியும் படிந்தால் அந்தப் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். பங்குனியில் ஒருமுறை தேய்த்துக் கழுவாமல் 'கூல் ரூஃப் போட்டும் சுடுகிறது' என்று பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோலார் பேனல் போட்டவர்களும் மே மாதத்தில் ஏமாறுவார்கள். 1 கிலோவாட் பேனல் சென்னையில் நாளுக்கு 4 யூனிட் போலக் கொடுக்கும். ஆனால் அந்த 1 கிலோவாட் என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த திறன். கத்திரி மதியத்தில் பேனல் 60 டிகிரி சுடும்; ஒரு டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு என்றால் பத்துக்கு மேல் போய்விடுகிறது. அதிக வெயில் வேறு, அதிகச் சூடு வேறு.

மணலும் கடலும்

மே மதியத்தில் மெரினாவில் செருப்பைக் கழற்றினால் நாலடி நடக்க முடியாது. மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஓடிப்போய் அலையில் காலை வைத்தால் 29, 30 டிகிரி. இரண்டின் மேலும் ஒரே வெயில்தான் காலையிலிருந்து அடித்தது.

காரணம் மூன்று. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற, ஒரு கிலோ மணலுக்கு ஆவதைப் போல ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். இரண்டாவது, மணலில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. ஒரு முழம் தோண்டினால் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே சூடு. கடலில் ஒளி பல மீட்டர் உள்ளே இறங்கும், அலையும் காற்றும் அதை மேலும் கீழுமாகக் கலக்கும். மூன்றாவது ஆவியாதல், அதற்குத் தனியாக வருவோம்.

முதல் காரணத்தை வீட்டில் பார்க்க இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். ஒன்றில் 200 கிராம் காய்ந்த மணல், மற்றதில் 200 மில்லி தண்ணீர். ஒரே நேரம் வெயிலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மேலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியை நுழைத்துப் பாருங்கள். இது தப்பிப் போகும் இடங்கள் தெரிந்தவைதான். மணல் ஈரமாக இருந்தால் வித்தியாசமே தெரியாது, ஈரம் ஆவியாகி மணலைக் குளிர்விக்கும். டம்ளரைச் சுடும் சிமென்ட் தரையில் வைத்தால் தரைச் சூடுதான் அளவில் வரும், அடியில் பலகை போடுங்கள். வெப்பமானியின் குமிழில் நேர் வெயில் பட்டால் அது தன் சூட்டையே காட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது, 42 டிகிரியோடு நின்றுவிடும்.

இந்த வித்தியாசம்தான் கடல் காற்று. தரை சுட்டு, அதன் மேலுள்ள காற்று விரிந்து எழும்புகிறது. தரையில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. கடல் பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு நகர்ந்து வருகிறது. இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று திரும்பிக் கடலை நோக்கிப் போகும். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் கடல் காற்று எத்தனை மணிக்கு உள்ளே நுழைகிறது என்பதே அன்றைய சூட்டை நிர்ணயிக்கிறது. 11 மணிக்கு வந்தால் 36, 37 டிகிரியோடு தப்பித்தோம். 3 மணிவரை வராவிட்டால் 41, 42.

வராமல் தடுப்பது மேற்கிலிருந்து வரும் கோடைக்காற்று. ஆந்திர, வேலூர்ப் பக்கத்து வறண்ட தரையில் சுட்டு வரும் அந்தக் காற்று பலமாக வீசினால் கடல் காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. பஞ்சாங்கப்படி கத்திரி அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. நட்சத்திரத்துக்கும் வெயிலுக்கும் தேதிப் பொருத்தம் ஓரளவு உண்டு. ஆனால் அந்தந்த நாளின் சூடு காற்றின் திசையைப் பார்த்துத்தான் வரும். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் பெரும்பாலான கோடைப் பகல்களில் நுங்கம்பாக்கத்தைவிட அதிகம் காட்டுவதும் இதனால்தான்.

ஆவியில் ஒளியும் வெயில்

இனி மூன்றாவது காரணம். பருவநிலையில் முக்கால்வாசிச் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 வரை கொண்டுபோக சுமார் 290 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு லிட்டரைச் சூடு ஏற்றாமலே, கொடியில் துணி காய்கிற மாதிரி, ஆவியாக்கச் சுமார் 2,450 கிலோஜூல். எட்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொண்ட நீராவி வெப்பமானியில் துளிக்கூடச் சூடு காட்டாது. அதனால்தான் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். வெப்பம் தொலைந்துவிடவில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது.

மண்பானை குளிர்வதும் இதே வழியில். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வேண்டிய வெப்பத்தைப் பானைத் தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. கிராமத்து வீட்டில் ஜில்லென்றிருந்த பானை சென்னைக்கு வந்ததும் வெறும் தண்ணீர்ப் பானையாகிவிட்டதே என்றால், குறை பானையில் இல்லை. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். ஏர்கூலருக்கும் இதே கதிதான். வேலூரில் வேலை செய்வது பெசன்ட் நகரில் செய்யாது. இரண்டாவது காரணம் பானையிலேயே உண்டு: தண்ணீரின் உப்பு துளைகளை அடைத்துவிடும். தேங்காய் நாரால் வெளிப்புறத்தைத் தேய்த்தால் கொஞ்சம் திறக்கும். பெயிண்ட் அடித்த அலங்காரப் பானை குளிரவே குளிராது.

இப்போது நம் அளவுகோலை எடுப்போம். ஒரு நாள் வெயில் 5½ யூனிட். அதில் ஒரு துளிகூட வீணாகாமல் ஆவியாக்கவே போனால் எட்டு லிட்டர் ஆவியாகும். ஒரு சதுர மீட்டரில் எட்டு மில்லிமீட்டர் உயரம். ஏரியில் உண்மையில் கோடையில் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் குறையும். மரக்காணம் உப்பளத்தில் இதுதான் தொழிலே: கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, மிச்சத்தையெல்லாம் வெயில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உப்புப் பூக்கும் நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தால், பாத்தியில் பல நாளாகச் சேர்த்த வெயில் ஒரு மணி நேரத்தில் கரைந்து போகும்.

மேலே சொன்ன 160 வாட் நினைவிருக்கிறதா? உலக அளவில் தரையும் கடலும் வாங்கும் அந்த 160-இல் ஏறக்குறைய பாதி, 80 வாட், தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. 80 வாட்டை ஓர் ஆண்டுக்குப் பெருக்கி 2,450 கிலோஜூலால் வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 1,030 லிட்டர் வரும். அதாவது 103 செ.மீ. மழை. உலகின் சராசரி ஆண்டு மழையும் ஒரு மீட்டர் அளவுதான். மேலே போனது அப்படியே கீழே வருகிறது.

வரும்போது வெப்பத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வரும். ஆவி மேலே ஏறிக் குளிர்ந்து துளியாகும் இடத்தில், மேகத்துக்குள், அந்த 2,450 கிலோஜூலும் வெளியே வருகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10 லிட்டர். அதற்குள் இருந்தது 6.8 யூனிட், ஒன்றே கால் நாள் வெயில். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; கணக்குப்படி 173 நாள் வெயில், ஆண்டில் ஏறக்குறைய பாதி. இதில் பெரும்பங்கு நம் தெருவில் அடித்த வெயில் அல்ல. வங்கக் கடலின்மேல் அடித்தது.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலைவரை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. முதலாவது 36 நாள் வெயில், இரண்டாவது 61 நாள் வெயில், 24 மணி நேரத்தில். அவ்வளவு வெப்பமும் நகரத்துக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் கழன்று, அங்கே காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ளி, கீழே கடலிலிருந்து இன்னும் ஈரக் காற்றை இழுத்தது. மழை தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

புயல் இதன் முழு வடிவம். வங்கக் கடலின் மேற்பரப்பு 26½ டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள்; அக்டோபர், நவம்பரில் அது 28, 29 சாதாரணமாக இருக்கும். ஐம்பது மீட்டர் ஆழம்வரை ஒரு டிகிரி கூடுதல் சூடு என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து நாள் வெயில் சேமிப்பில் இருக்கிறது என்று பொருள். சூடு மட்டும் போதாது. மேலடுக்குக் காற்று குறுக்கே வேகமாக வீசினால் எழும்பும் மேகக் கோபுரம் சாய்ந்து, புயல் கருவிலேயே கலைந்துவிடும். வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையேறி மரங்களைச் சாய்த்தது. உள்ளே போகப் போக வேகமாக வலுவிழந்தது. மலையோ கட்டடமோ தடுத்ததனால் மட்டுமல்ல. தரைக்கு வந்ததும் அதற்கு ஆவி வரத்து நின்றுவிட்டது.

தென்மேற்கு கொடுக்காததை வடகிழக்கு ஏன் கொடுக்கிறது?

பருவமழை என்பது பெரிய கடல் காற்று என்று 1686-இலேயே எட்மண்ட் ஹேலி எழுதினார், வால்நட்சத்திரக்காரர்தான். கோடையில் ஆசிய நிலம் சூடாகிறது, கடல் காற்று வருகிறது, அவ்வளவே. பாதி சரி. ஆனால் நிலம் மிக அதிகம் சுடுவது மே மாதத்தில், மழை உச்சத்தில் இருப்பது நிலம் சற்று ஆறிவிட்ட ஜூலையில். அதனால் இன்று இப்படிச் சொல்கிறார்கள்: நடுக்கோட்டை ஒட்டி, இரு பக்கக் காற்றும் சந்தித்து எழும்பும் ஒரு மழை வளையம் பூமியைச் சுற்றி இருக்கிறது, சூரியன் வடக்கே போகும்போது அதுவும் பின்தொடர்ந்து வட இந்தியாவரை வந்துவிடுகிறது. மழை விழத் தொடங்கியதும், ஆவி கழற்றிய வெப்பமே அதைத் தொடர்ந்து ஓட்டுகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, கேரளப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சுட்டு வறண்டு வருகிறது. சென்னைக்கு அந்த நாட்களில் கிடைப்பது மாலை இடிமழை: பகல் வெயிலில் எழும்பிய காற்றும், கடல் காற்றின் முனையும் மோதும் இடத்தில் கொட்டுவது. செய்தியில் 'வெப்பச்சலனம்' என்பார்கள். வேளச்சேரியில் வெள்ளம், திருவொற்றியூரில் தூசி என்று தெருவுக்குத் தெரு மாறுவது இதன் குணம்.

அக்டோபர் 20-ஐ ஒட்டி எல்லாம் திரும்பும். சூரியன் தெற்கே போயிருக்கும், வடக்கு நிலம் ஆறத் தொடங்கும், வங்கக் கடல் மட்டும் கோடை முழுதும் வாங்கிய வெயிலோடு சூடாக நிற்கும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று அந்தக் கடல்மேல் தவழ்ந்து ஈரத்தோடு நம் கரையில் ஏறுகிறது. ஆண்டு மழையில் 60 சதவீதம் போல இந்த மூன்று மாதத்தில் வந்துவிடும். கீழ்க்காற்றுக்குத் தமிழில் கொண்டல் என்று பெயர்; மழை மேகத்துக்கும் அதே சொல். காற்றையும் மேகத்தையும் ஒரே பெயரால் அழைத்தவர்கள் இந்தக் கரையில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழி

உள்ளே வந்த 240 வாட்டும் (340-இல் திருப்பியனுப்பிய 100 போக மிச்சம்) கடைசியில் வெளியேற வேண்டும். வெளியேறும் வழி ஒன்றே ஒன்று: அகச்சிவப்புக் கதிர். வெயில் போன பிறகு சுட்ட சுவருக்கு அருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலே சூடு உறைக்கிறதே, அதுதான். 240 வாட்டைக் கதிராக அனுப்ப ஒரு பொருள் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் போதும். பூமியின் சராசரியோ பிளஸ் 15. இந்த 33 டிகிரி வித்தியாசம் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தது. வெயிலை அவை பெரும்பாலும் உள்ளே விடும். திரும்பும் அகச்சிவப்பை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்பும். 1859-இல் ஜான் டிண்டால் குழாயில் வாயுக்களை அடைத்து இதை அளந்து காட்டினார்.

சென்னைவாசிக்கு இதற்குச் சோதனைக் குழாய் வேண்டாம். மேகமில்லாத, ஈரம் வற்றிய தை இரவில் விடியற்காலை போர்வை தேடுகிறோம். மே இரவில் வானம் தெளிவாக இருந்தாலும் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கடல் சூடாக இருப்பது ஒரு காரணம். காற்றில் நிறைந்த நீராவி அகச்சிவப்பை வெளியே விடாதது இன்னொன்று.

ஓசோன் ஓட்டை வழியே வெயில் அதிகம் வருவதால்தான் பூமி சூடாகிறது என்ற பேச்சை விட்டுவிடலாம். ஓசோன் புறஊதாக் கதிர் விவகாரம், தோலுக்கும் கண்ணுக்குமானது. சூரியனே அதிகம் எரிகிறதோ என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அதன் வெளியீடு 0.1 சதவீதம்தான் ஏறி இறங்குகிறது. சூரியன்தான் காரணம் என்றால் மேலடுக்குக் காற்றும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்து வருகிறது, கீழடுக்கு சூடாகிறது. வெப்பம் கீழேயே பிடிபடுகிறது என்றால் இப்படித்தான் இருக்கும்.

பிடிப்பது எது என்றால் பழைய வெயிலின் சாம்பல். நெல் வயல் தன்மேல் விழும் வெயிலில் ஓரிரு சதவீதத்தைத்தான் வைக்கோலும் நெல்லுமாக மாற்றும். அப்படிப் பழங்காலக் காடுகள் துளித்துளியாகச் சேர்த்து மண்ணுக்குள் போனதுதான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. அதை எரிக்கும்போது, அன்று செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் மொத்தமாகத் திரும்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

இதனால் வரவுக்கும் செலவுக்கும் இடையில் விழுந்திருக்கும் துண்டு, உலகச் சராசரியில் சதுர மீட்டருக்கு ஒரு வாட் அளவு. கேட்கச் சின்னது, ஒரு நாள் வெயிலான 5½ யூனிட்டுக்கு எதிரே 0.024 யூனிட். ஆனால் இது ஒவ்வொரு நாளும் சேர்கிறது, எந்த நாளும் கழியவில்லை. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 8, 9 யூனிட். அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி 7 சதவீதம் கூடும். 29 செ.மீ. பெய்யும் ஒரு நாளில் அந்த 7 சதவீதம் 2 செ.மீ. சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரில் 2 செ.மீ. என்பது 852 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லட்சம் லோடு, ஒரே நாளில், கேட்காமலே.